15 டாலர் ரைபிள் எப்படி 700 டாலர் ஆனது: ராணுவ சர்ப்ளஸ் துப்பாக்கிகளை வாங்குவது, அன்றும் இன்றும்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சஸில் கிரீன் கார்டுடன் வசிக்கும் தமிழர் ஒருவர் கேட்கிறார்: “பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் இளமைக்காலத்தில் தபாலில் 15 டாலருக்கு வாங்கிய, பிரிட்டிஷ் படையின் பழைய லீ-என்ஃபீல்டு ரைபிளைக் காட்டினார். அதேபோல் ஒன்று வாங்கலாம் என்று கடையில் விசாரித்தால் 700 டாலர் சொல்கிறார்கள். இந்த விலை எப்படி வந்தது, இனி இறங்குமா, இப்போது சேகரிக்கத் தொடங்குவதில் பயன் உண்டா, எதைப் பார்த்து வாங்க வேண்டும்?”

விலை இறங்காது என்பது என் முடிவு. இந்தத் துப்பாக்கிகள் மலிவாக இருந்த காலம் வரலாறு ஒருமுறை மட்டும் தந்த வாய்ப்பு. அந்தக் கிணற்றில் இனி ஊறுவதற்கு நீரில்லை. ஆனாலும் தொடங்குவதில் பயன் உண்டு, எதற்காக வாங்குகிறோம் என்பதில் தெளிவு இருந்தால். இரண்டையும் விளக்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

ராணுவம் கழித்துவிட்ட ஆயுதங்களை மூட்டையாக வாங்கிச் சில்லறையாக விற்கும் தொழிலை அமெரிக்காவில் பெரிதாக வளர்த்தவர் ஃபிரான்சிஸ் பேனர்மேன். 1898-இல் ஸ்பெயினுடனான போர் முடிந்தபோது கைப்பற்றப்பட்ட ஆயுதங்களில் பெரும்பகுதியை அவரே வாங்கிக்கொண்டார். அவ்வளவு வெடிமருந்தை நியூயார்க் நகருக்குள் வைக்க முடியாமல், ஹட்சன் ஆற்றின் நடுவே பொலபெல் என்னும் தீவையே விலைக்கு வாங்கி, அதில் ஒரு ஸ்காட்லாந்துக் கோட்டையைப் போன்ற கிடங்கைக் கட்டினார். அதன் இடிந்த சுவர்கள் இன்றும் ஆற்றோர ரயிலில் போகும்போது தெரிகின்றன. அவர் வெளியிட்ட தடித்த விலைப்பட்டியல் புத்தகம் பல தலைமுறைச் சிறுவர்களுக்குக் கனவுப் புத்தகமாக இருந்தது. முதல் உலகப்போரில் ரஷ்யாவின் ஜார் அரசுக்காக ரெமிங்டன், நியூ இங்கிலாந்து வெஸ்டிங்ஹவுஸ் ஆகிய அமெரிக்க ஆலைகள் செய்த மோசின்-நாகான்ட் ரைபிள்களில் ஒரு பகுதி, புரட்சி வந்து வாங்குவதற்கு ஆளில்லாமல் இங்கேயே தேங்கிவிட்டது. அவற்றை அமெரிக்க அரசே குடிமக்களுக்குச் சில டாலருக்கு விற்றது.

உண்மையான வெள்ளம் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகே வந்தது. ஒரு போல்ட் ரைபிளை ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் இயக்க வேண்டும். 1950-களில் ஐரோப்பியப் படைகள் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் புதிய துப்பாக்கிகளுக்கு மாறியபோது, கிடங்குகளில் அடுக்கியிருந்த லட்சக்கணக்கான போல்ட் ரைபிள்கள் ஒரே நேரத்தில் வேலையற்றுப் போயின. பிரிட்டனுக்கு லீ-என்ஃபீல்டு, இத்தாலிக்குக் கார்க்கானோ, ஜெர்மனியைத் தோற்கடித்த நாடுகளின் கையில் மவுசர் என ஒவ்வொரு கிடங்கிலும் ஒரு மலை இருந்தது. அவற்றைக் காத்து வைப்பதே செலவு என்று அரசுகள் எண்ணிய நேரத்தில், அமெரிக்க உளவுத்துறையில் வேலை பார்த்து விலகிய சாமுவேல் கம்மிங்ஸ் என்பவர் 1953-இல் தொடங்கிய நிறுவனம், பிற்பாடு இன்டர்ஆர்ம்ஸ் என்று அறியப்பட்டது, அவற்றை ஏறத்தாழ இரும்பு விலைக்கு வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தது. வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நகரில், பொட்டோமாக் ஆற்றங்கரையில் அதன் கிடங்குகள் இருந்தன. இன்று காபிக்கடைகளும் படகுத்துறையும் உள்ள அந்தக் கரையில் ஒருகாலத்தில் ரைபிள் பெட்டிகள் இறங்கின என்று சொன்னால் அங்கே குடியிருப்பவர்களே நம்புவதில்லை.

உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வாங்கியது அந்த வெள்ளத்தில் ஒரு துளி. பத்திரிகையின் பின்பக்க விளம்பரத்தில் இருந்த கூப்பனை வெட்டி, மணியார்டரோடு சேர்த்து அனுப்பினால் சில வாரங்களில் வீட்டுக்கே துப்பாக்கி வந்துவிடும். 1963-இல் அரசின் குறிபார்ப்புப் பயிற்சித் திட்டத்தின் வழியாக எம்1 கார்பைன் 20 டாலருக்குக் கிடைத்தது. அன்று இவற்றை யாரும் வரலாற்றுப் பொருளாகப் பார்க்கவில்லை. மான் வேட்டைக்குக் கைக்கடக்கமான துப்பாக்கி வேண்டும், புதிதாக வாங்கக் காசில்லை, ஆகவே ஒரு மவுசரை வாங்கி முன்பக்க மரத்தை ரம்பத்தால் அறுத்து, குழலைக் குட்டையாக்கி, தொலைநோக்கி பொருத்தத் துளை போட்டுக்கொள்வார்கள். இந்த வெட்டுக்கொத்துக்குச் சேகரிப்பாளர்கள் ‘பப்பா வேலை’ என்று கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள். கேலி செய்வது சுலபம். 15 டாலர் துப்பாக்கியை அன்று வெட்டியவர் தவறு ஏதும் செய்யவில்லை. அவர்கள் வெட்டித் தள்ளியதால்தான் வெட்டாமல் தப்பியதற்கு இன்று இந்த விலை.

இந்த மலிவுச் சரக்கால் அடிபட்டவர்கள் உள்நாட்டுத் துப்பாக்கி உற்பத்தியாளர்கள். அவர்களில் பலருக்கு ஆலைகள் மாசசூசெட்ஸிலும் கனெடிகட்டிலும் இருந்தன. 1958-இல் ராணுவத் துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுக்க வேண்டும் என்று செனட்டில் முயன்றவர் மாசசூசெட்ஸ் செனட்டர் ஜான் எஃப். கென்னடி. அந்த முயற்சி முழுமையாக நிறைவேறவில்லை. ஐந்தாண்டு கழித்து, 1963 மார்ச்சில், லீ ஹார்வி ஆஸ்வால்ட் பொய்ப்பெயர் ஒன்றில் சிகாகோவின் கிளைன்ஸ் கடைக்கு 21 டாலர் 45 சென்ட்டுக்கு மணியார்டர் அனுப்பினான். தொலைநோக்கியுடன் கூடிய இத்தாலியக் கார்க்கானோவுக்கு 19.95, தபால் செலவுக்கு 1.50. நவம்பர் 22-ஆம் தேதி டல்லஸில் குடியரசுத் தலைவர் கென்னடியைக் கொன்றது அந்தத் துப்பாக்கிதான். கதையில் எழுதினால் மிகை என்று சொல்லிவிடுவோம்.

அதற்குப் பிறகும் சட்டம் உடனே வரவில்லை. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகே, அந்த ஆண்டு அக்டோபர் 22-இல் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நம் விஷயத்துக்கு அதில் இரண்டு விதிகள் முக்கியம். உரிமம் இல்லாதவருக்கு மாநிலம் தாண்டித் தபாலில் துப்பாக்கி அனுப்பக் கூடாது. ராணுவ உபரித் துப்பாக்கிகளை இறக்குமதி செய்யக் கூடாது. பதினாறு ஆண்டுகள் கதவு ஏறத்தாழ மூடியே இருந்தது. 1984-இல் வந்த ஒரு வணிகச் சட்டத்தின் நடுவே சேர்க்கப்பட்ட திருத்தம், ‘அரும்பொருள், நினைவுச்சின்னம்’ என்ற வகைக்குள் வரும் பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டது. உற்பத்தியாகி 50 ஆண்டு கடந்து, மூல வடிவத்திலேயே இருக்கும் துப்பாக்கி பொதுவாக இந்த வகையில் சேரும்.

கதவு திறந்த சில ஆண்டுகளில் சோவியத் யூனியன் சரிந்தது. இரண்டாவது வெள்ளம் அங்கிருந்து வந்தது. நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் விளையாட்டுப் பொருள் கடைகளின் ஓரத்தில் மோசின்-நாகான்ட் 91/30 ரைபிள்களை விறகுக்கட்டைபோல் பீப்பாயில் செருகி வைத்திருப்பார்கள். 80 டாலர், 90 டாலர், சில வாரங்களில் அதற்கும் குறைவு. மோசின் குடும்பத்தில் மொத்தம் சுமார் 3 கோடியே 70 லட்சம் துப்பாக்கிகள் செய்யப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலானவை துலா, இசெவ்ஸ்க் என்னும் இரு நகரங்களின் ஆலைகளில் உருவானவை. போருக்குப் பின் பழுதுபார்த்து, அரக்குப்பூச்சு அடித்து, கெட்டியான கிரீஸில் முக்கி வைத்தவை.

அந்தக் கிரீஸைப் பற்றிச் சொல்லாவிட்டால் அந்தக் காலம் விளங்காது. காஸ்மோலின் என்று பொதுப்பெயர். பழுப்பு நிறம், குளிரில் மெழுகுபோல் இறுகும், வெயிலில் வேர்க்கும், மண்ணெண்ணெயும் பழைய மரப்பெட்டியும் கலந்ததுபோல் ஒரு மணம். என் முதல் மோசினை வாங்கிய ஜூலை மாதத்தில், மரப்பகுதியைக் கழற்றிக் கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி, காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் பையின் அடியில் ஒரு கரண்டி அளவு கிரீஸ் தேங்கியிருந்தது. மரத்தின் துளைகளிலிருந்து எழுபது வயதுக் கொழுப்பு கசிந்துகொண்டே இருந்தது. மூன்று நாள் இப்படிச் செய்த பிறகுதான் கையில் ஒட்டாமல் பிடிக்க முடிந்தது. குழலைச் சுத்தம் செய்தவர்கள் தோட்டா அறையைச் சரியாகத் துடைக்காமல் விட்டுவிடுவார்கள். சுடும்போது சூட்டில் அந்த மிச்சம் பசையாகி, காலித் தோட்டாவைப் பிடித்துக்கொள்ளும். பிறகு போல்ட்டைத் திறக்க மரச் சுத்தியால் தட்ட வேண்டியிருக்கும். ரஷ்யத் துப்பாக்கியே அப்படித்தான், முரட்டுப் பொருள் என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். பித்தளைத் தூரிகையும் கரைப்பானும் கொண்டு பத்து நிமிடம் தேய்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும் தொந்தரவு அது.

அதே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் கே31 ரைபிள்கள் 100 டாலரை ஒட்டிய விலைக்கு வந்தன. 1933 முதல் 1958 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட, கைக்கடிகாரத்துக்குரிய நேர்த்தியுள்ள துப்பாக்கி. போல்ட்டைத் தூக்கித் திருப்ப வேண்டியதில்லை. நேராகப் பின்னே இழுத்து நேராக முன்னே தள்ளினால் போதும். மரக்கட்டையின் கீழ்ப்பகுதி மட்டும் எலி கடித்ததுபோல் அடிபட்டிருக்கும், மேற்பகுதியோ புத்தம்புதிது. பனியிலும் சேற்றிலும் பூட்ஸ் கால்களுக்கு நடுவே நிறுத்தி வைத்த தழும்பு அது. என்னுடையதில், தோளில் அழுந்தும் இரும்புத் தகட்டின் இரண்டு திருகாணிகளைக் கழற்றியபோது உள்ளே சிறு காகிதத் துண்டு ஒன்று இருந்தது. துப்பாக்கி தொலைந்தால் யாருடையது என்று தெரிவதற்காகச் சிப்பாய்கள் தம் பெயர், ஊர், படைப்பிரிவு ஆகியவற்றை எழுதி அங்கே வைப்பது வழக்கம். மை மங்கியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. அதைப் படித்துவிட்டு அதே இடத்திலேயே திரும்ப வைத்து மூடினேன். 100 டாலருக்கு இவ்வளவு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் சேகரிப்பு உண்மையில் தொடங்கியது அந்த மாலைதான்.

இப்போது கிணறு ஏன் வற்றியது என்பதற்கு வருகிறேன். தடைகளைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள், அவை உண்மையும்கூட. சீனத் துப்பாக்கிகளின் இறக்குமதி 1994-இல் நிறுத்தப்பட்டது. கொரியப் போரின்போது அமெரிக்கா கொடுத்த எம்1 ரைபிள்களைத் தென்கொரியா திருப்பி விற்க முன்வந்தபோது அனுமதி மறுக்கப்பட்டது, 2013-இல் அத்தகைய மறு இறக்குமதியைத் தனியார் செய்வது பொதுவாகவே தடுக்கப்பட்டது. ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸி நவால்னி நஞ்சூட்டப்பட்டதற்கு எதிர்வினையாக, 2021 செப்டம்பர் 7 முதல் ரஷ்யத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் புதிய இறக்குமதி அனுமதி இல்லை என்றானது. இவற்றோடு, பல நாடுகள் பழைய ஆயுதங்களை விற்பதைவிட உருக்குவதே பாதுகாப்பு என்று முடிவெடுத்து, அதற்கு வெளிநாட்டு நிதியுதவியையும் பெற்றுக்கொண்டன.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. 1950-களுக்குப் பிறகு படைகள் ஏற்றுக்கொண்ட துப்பாக்கிகளில் மிகப் பெரும்பாலானவை விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடக்கூடியவை. அமெரிக்கச் சட்டத்தின்படி அவை இயந்திரத் துப்பாக்கிகள். அவற்றை 1968-க்குப் பிறகு சேகரிப்பாளருக்காக இறக்குமதி செய்ய முடியாது. 1986 மே மாதத்துக்குப் பிறகு பதிவான எதையும் தனிநபர் புதிதாக வாங்கவும் முடியாது. ஆகவே இன்று ஒரு நாடு தன் பத்து லட்சம் பழைய துப்பாக்கிகளை விற்க நினைத்தாலும், அவை இங்கே முழுத் துப்பாக்கியாக வர வழியில்லை; ரிசீவர் என்னும் உடற்பகுதியைத் தீயால் அறுத்து, மிச்சத்தை உதிரிப்பாகங்களாகத்தான் அனுப்ப வேண்டும். உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கிடைத்தது இரண்டு உலகப்போர்களின் மிச்சம். மூன்றாவதாக ஒரு மிச்சம் வந்தாலும் அது சேகரிப்பாளரின் அலமாரிக்கு வந்து சேராது.

ஒன்றிரண்டு ஊற்றுகள் இன்னும் கசிகின்றன. 2003-இல் காத்மாண்டுவின் பழைய அரண்மனைக் கிடங்கு ஒன்றிலிருந்து பல்லாயிரம் மார்ட்டினி-ஹென்றி, ஸ்னைடர் முதலான பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துப்பாக்கிகளை அமெரிக்க வணிகர்கள் மொத்தமாக வாங்கி வந்தார்கள். அண்மை ஆண்டுகளில் எத்தியோப்பியாவிலிருந்து இத்தாலியக் கார்க்கானோக்கள் வந்துள்ளன. ஆப்பிரிக்க மண்ணில் உழைத்துத் தேய்ந்தவை, மரம் வெடித்தவை, ஆணியடித்து ஒட்டவைத்தவை. நேபாளச் சரக்கில் ஒரு சட்ட வசதி உண்டு: 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டது கூட்டாட்சிச் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கியே அல்ல, பழம்பொருள். நேராக வீட்டுக்கு வரவழைக்கலாம். ஆண்டைத் தீர்மானிப்பது ரிசீவர் என்பதால், ஃபின்லாந்து 1940-களில் பழைய ரஷ்ய ரிசீவர்களின் மேல் கட்டிய எம்39 ரைபிள்களில் சில, குழல் புதிதாக இருந்தும், பழம்பொருளாகவே கணக்கில் வருகின்றன. இந்த நுணுக்கம் தெரிந்தவர்கள் மரத்தைக் கழற்றி ரிசீவரின் வாலுக்கு அடியில் பொறித்த ஆண்டைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள்.

வாங்குவதற்கு முன் உங்கள் குடிவரவு நிலையைப் பாருங்கள். கிரீன் கார்டு இருப்பதால் உங்களுக்கு வாங்கும் உரிமை உண்டு. ஆனால் இதைப் படிப்பவர்களில் எச்1பி, மாணவர் விசா முதலியவற்றில் இருப்பவர்கள் பலர் இருப்பார்கள். குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். செல்லத்தக்க வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்குவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரே வீட்டில் மனைவிக்குக் கிரீன் கார்டும் கணவருக்கு எச்1பியும் இருந்தால், மனைவி பெயரில் வாங்கிக் கணவர் பயன்படுத்துவது என்பது இரட்டைக் குற்றமாகிவிடும். நம்மவர்கள் இதை விளையாட்டாக நினைத்துவிடுகிறார்கள்.

சேகரிப்பாளருக்கென்றே 03 வகை உரிமம் ஒன்று உண்டு. மூன்று ஆண்டுக்கு 30 டாலர். இந்த உரிமத்தின் நகலை விற்பவருக்கு அனுப்பினால், ‘அரும்பொருள், நினைவுச்சின்னம்’ வகைத் துப்பாக்கிகள் வெளிமாநிலத்திலிருந்தும் வீட்டுக்கே வரும். வாங்கியதையும் விற்றதையும் ஒரு பேரேட்டில் எழுதி வைக்க வேண்டும், அதிகாரிகள் கேட்டால் காட்ட வேண்டும், வியாபாரம் செய்யக் கூடாது. இரண்டு துப்பாக்கி வாங்கினாலே கடைக்காரருக்குக் கொடுக்கும் பரிமாற்றக் கட்டணம் மிச்சமாகி உரிமச் செலவு கழிந்துவிடும். மாநிலச் சட்டங்கள் வேறுபடும். டெக்சஸ் போல எளிதான மாநிலத்திலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தால் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும்.

அமெரிக்கப் படையின் பழைய ரைபிளான எம்1 கேரன்ட் வேண்டுமென்றால் வழி வேறு. கூட்டாட்சிச் சட்டத்தால் நிறுவப்பட்ட குடிமக்கள் குறிபார்ப்புத் திட்டம், சிஎம்பி என்று சுருக்கமாகச் சொல்வார்கள், அலபாமாவின் ஆனிஸ்டனில் ராணுவத்திடமிருந்து பெற்ற கேரன்ட்களைத் தரம் பிரித்து விற்கிறது. குடியுரிமை பெற்றவராகவும், அத்திட்டத்தோடு இணைந்த சங்கம் ஒன்றின் உறுப்பினராகவும், சுடும் பயிற்சிக்குச் சான்று உள்ளவராகவும் இருக்க வேண்டும். 2000-களின் நடுவில் 500 டாலரை ஒட்டிக் கிடைத்த தரம் இன்று 1,000 டாலரை ஒட்டி நிற்கிறது. ஆனாலும் வெளிச்சந்தையோடு ஒப்பிட்டால் ஏமாறாமல் வாங்கக்கூடிய இடம் அதுதான். உங்களுக்குக் குடியுரிமை வரும்வரை அது காத்திருக்கட்டும்.

இனி, துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் எதைப் பார்ப்பது. பளபளப்பைப் பார்க்காதீர்கள். மணல் காகிதம் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்த மரம் கண்ணுக்கு அழகாக இருக்கும். அதில் இருந்த ஆய்வாளர் முத்திரைகள் எல்லாம் தேய்ந்து போயிருக்கும், விலையில் பாதியும் அதோடு போயிருக்கும். எண்களைப் பாருங்கள். ஜெர்மானிய 98கே மவுசரில் ரிசீவர், போல்ட், தகடுகள், திருகாணிகள் வரை ஒரே எண்ணின் கடைசி இலக்கங்கள் இருக்கும். ஆண்டுக்கு மேலே இருக்கும் ‘பிஒய்எஃப்’ என்ற மறைகுறி ஓபர்ன்டோர்ஃபிலிருந்த மவுசர் ஆலையையும், ‘டிஓடி’ என்பது செக் நாட்டு பிர்னோ ஆலையையும் குறிக்கும். சோவியத் செம்படை கைப்பற்றிப் பழுதுபார்த்த 98கேக்களில் பாகங்கள் கலந்திருக்கும், ரிசீவரில் பெருக்கல் குறிபோல் ஒரு பொறிப்பு இருக்கும்; அவை விலை குறைவு, சுடுவதற்கு நல்லவை. எல்லா எண்ணும் பொருந்துகிறது என்று சொல்லி ஒரு துப்பாக்கிச் சந்தையில் என்னிடம் ஒன்றை விற்றார்கள். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தபோது போல்ட்டின் எண்ணில் மட்டும் பொறிப்பின் விளிம்பு கூர்மையாக, பள்ளத்தின் அடி வெள்ளையாக இருந்தது. எண்பது வயது எழுத்தின் ஓரம் விரலில் உறுத்தக் கூடாது. அந்தப் பாடத்துக்கு 400 டாலர் கட்டணம் கட்டினேன்.

ஜப்பானிய அரிசாகாவில் பார்க்க வேண்டியது ரிசீவரின் மேலுள்ள பதினாறு இதழ்ச் சாமந்தி. அது பேரரசரின் சின்னம். சரணடைந்த பிறகு ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகளில் அதை அரத்தால் தேய்த்தோ உளியால் கீறியோ அழித்தார்கள். போர்க்களத்தில் கைப்பற்றியதாக இருந்தால் பெரும்பாலும் பூ முழுதாக இருக்கும். ஸ்வீடன் மவுசரின் மரக்கட்டையில் வட்டமான பித்தளைத் தகடு ஒன்று பதித்திருக்கும். குழலின் உள்நிலை எப்படி என்று ஆயுதப் பணிமனையாளர் அதிலேயே குறிவைத்திருப்பார். விற்பவர் சொல்வதைவிட அந்தத் தகடு உண்மை பேசும், குழலையும் தகட்டையும் பிறகு யாரும் மாற்றாமல் இருந்தால்.

சுடுவதற்கு வாங்குகிறவர் இரண்டு விஷயங்களைச் சோதிக்காமல் தோட்டாவைத் தொடக் கூடாது. ஒன்று, ஹெட்ஸ்பேஸ், போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா உட்கார்ந்து நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி. அது மிகுந்தால் சுடும்போது தோட்டாவின் பின்புறம் கிழிந்து சூடான வாயு முகத்தை நோக்கி வரலாம். இதற்கென்றே அளவுகோல்கள் விற்கின்றன, இல்லையென்றால் துப்பாக்கிப் பணியாளரிடம் கொடுங்கள். லீ-என்ஃபீல்டு நம்பர் 4-இல் போல்ட்டின் தலையைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். 0 முதல் 3 வரை எண்ணிட்ட தலைகள், ஒன்றைவிட ஒன்று சற்றே நீளம். அந்த எளிமை எனக்கு எப்போதும் வியப்பு. இரண்டு, அமெரிக்காவின் சொந்த 1903 ஸ்பிரிங்ஃபீல்டு: ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் 8,00,000-க்கும், ராக் ஐலண்டு ஆலையில் 2,85,507-க்கும் குறைந்த எண்ணுள்ள ரிசீவர்கள் தவறாகப் பதம் காய்ச்சப்பட்டிருக்கலாம், கண்ணாடிபோல் உடையலாம். சுவரில் மாட்டலாம். சுடாதீர்கள்.

பழைய ராணுவத் தோட்டாக்கள் இன்னும் தகர டப்பாக்களில் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றின் ப்ரைமரில், அதாவது தோட்டாவின் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்த பிறகு அது பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாகிக் குழலுக்குள் படியும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. எண்ணெய் இந்த உப்பைக் கரைக்காது. கொதிக்கும் நீரைக் குழலில் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய் தடவ வேண்டும். அதை அன்றைக்கே செய்துவிட வேண்டும். மறுநாளுக்குத் தள்ளினால் செம்பழுப்புத் துரு.

எதிலிருந்து தொடங்குவது என்றால், நம்மவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இஷாபூர் ரைபிள். கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள அந்த அரசு ஆலை பல பத்தாண்டுகள் லீ-என்ஃபீல்டு வகைத் துப்பாக்கிகளைச் செய்தது. ஊரில் போலீஸ்காரர் தோளிலும் என்.சி.சி. முகாமிலும் நாம் பார்த்த ‘த்ரீ நாட் த்ரீ’ அந்தக் குடும்பம்தான். இந்தியாவில் .303 தடைசெய்யப்பட்ட வகை. தனியார் வைத்துக்கொள்ள முடியாது, அதனால்தான் அதே இயக்கமுறையில் .315 என்று வேட்டைத் துப்பாக்கியை அரசு தனியாகச் செய்து விற்றது. இங்கே அமெரிக்காவில் .303-ஐயும், 1960-களில் நேட்டோ தோட்டாவுக்காக இஷாபூர் செய்த 2ஏ, 2ஏ1 ரைபிள்களையும் சட்டப்படி வாங்கலாம். சிலவற்றின் முன்மரத்தைச் சுற்றிச் செப்புக்கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். கையெறி குண்டை ஏவப் பயன்படுத்தும்போது மரம் பிளக்காமல் இருக்கச் செய்த கட்டு அது. முன்பெல்லாம் யாரும் சீந்தாத இந்த இஷாபூர்களும் விலை ஏறிவிட்டன, ஆனாலும் ஆங்கிலேய லீ-என்ஃபீல்டுகளைவிடப் பெரும்பாலும் குறைவு. சந்தையில் ஐந்து சுமாரான துப்பாக்கிகளை வாங்கும் பணத்தில் நல்லதாக ஒன்றை வாங்குங்கள். விலை ஏறும் என்று கணக்குப் போட்டு வாங்காதீர்கள். அதற்குப் பங்குச்சந்தை இருக்கிறது, அதற்கு எண்ணெய் தடவ வேண்டியதில்லை.

கடைசியாக அந்தப் பெரியவரின் லீ-என்ஃபீல்டு. அதன் ரிசீவரையும் குழலின் அடிப்பகுதியையும் விளக்கு வைத்துப் பாருங்கள். ‘இங்கிலாந்து’ என்ற ஆங்கிலப் பொறிப்பும், 2.222 என்ற எண்ணும், 18.5 டன் என்ற அழுத்தக் குறியும் இருந்தால், பிரிட்டனை விட்டு வெளியேறும் முன் வணிக விற்பனைக்காகச் சோதனைக்கூடத்தில் சோதித்து முத்திரையிட்டது என்று பொருள். இறக்குமதியாளரின் பெயரும் ஊரும் குழலில் பொறித்திருக்காவிட்டால் அது 1968-க்கு முந்தைய சரக்கு என்பதற்குச் சாதகமான அடையாளம். அந்தப் பொறிப்பு இல்லாத துப்பாக்கிக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதலாகவே கொடுப்பார்கள். இருவரும் டெக்சஸ்வாசிகள் என்பதால், அவர் உங்களுக்கு விற்க விரும்பினால் நேரடியாக விற்கலாம். இரண்டு வரியில் ஒரு விற்பனைச் சீட்டு எழுதி, எண்ணையும் தேதியையும் குறித்து இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். பழைய ரசீதோ, வெட்டிய கூப்பனின் மிச்சமோ, வந்த அட்டைப்பெட்டியின் முகவரிச் சீட்டோ வீட்டில் எங்காவது இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். இருந்தால் அதையும் துப்பாக்கியோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.